தவணை என்னுடையது, ஃப்ரிட்ஜ் ரமாதேவி அம்மாவுடையது

வட்டியில்லாத் தவணையில் பொருள் வாங்கும் விஷயத்தில் இந்த ஹைதராபாத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். போன வருடம் ஆவணி பிறக்கும் வரை அந்த நம்பிக்கைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் அபார்ட்மெண்டில் யார் வீட்டில் டிவி வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலும், கூப்பிடாமலே போய் உட்கார்ந்துவிடுவேன். "ஜீரோ வட்டின்னு போர்டு மாட்டினா எல்லாமே ஜீரோன்னு நினைச்சிடாதீங்க. ப்ராசசிங் சார்ஜ் எவ்வளவுன்னு கேளுங்க. ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னும் கேளுங்க. சம்பளம் ஏறின பிறகுதான் தவணைத் தேதி வரணும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது!" எல்லாம் சரியான பேச்சுதான், இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன். கேட்டவர்கள் காபியெல்லாம் கொடுத்தார்கள். (ஆள் சீக்கிரம் கிளம்பட்டும் என்று கொடுத்தார்கள் என்பது என் மனைவி கோமதியின் கட்சி.)

அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஃப்ரிட்ஜ் செத்துப்போனது. மெக்கானிக் வந்து பார்த்து, இனி இதில் துணி வேண்டுமானால் அடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாவு அரைச்சா மறுநாளே பொங்கி மேடையெல்லாம் ஓடுது. ஆபீஸ்லேருந்து வந்து தினமும் புதுசாக் குழம்பு வைக்க நான் என்ன மெஸ்ஸா நடத்துதேன்?" என்றாள் கோமதி. நியாயமான கேள்வி. உடனே கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து மாமியார் போன் செய்தார். "மாப்ளே, ஆடியில புதுச் சாமான் எதையும் வீட்டுக்குள்ள ஏத்திராதீங்க."

இங்கேதான் சிக்கல். தெலுங்குக்காரர்களின் ஆஷாட மாதம் நம் ஆடிக்கு முன்பே பிறந்து, நம் ஆடி முடிவதற்குள் முடிந்துவிடும். கடையில் வட்டியில்லாத் திட்டம் ஆஷாடத்தோடு சரி. ஆவணி வரை காத்திருந்தால் திட்டம் போய்விடும். இப்போதே வாங்கினால் மாமியார் கோபித்துக்கொள்வார்.

என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. இப்போது வாங்குவோம், ஆவணியில் வரவழைப்போம்! கோமதிகூட என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். (கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.)

கடையில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஆவணி வரை எங்கள் கோடவுனிலேயே இருக்கட்டும் சார் என்றார்கள். கடன் கம்பெனிப் பையன் என் ஆதாரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். நானோ ப்ராசசிங் சார்ஜைக் குறைக்கச் சொல்லி மேனேஜரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். "சார், அட்ரஸ் இதுதானே?" என்று பையன் கேட்டான். "ஹவ், ஹவ்" என்று திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினேன். சார்ஜைக் குறைத்தார்கள். கடையை விட்டு வெளியே வரும்போது என் நடையே வேறு.

முதல் தவணை போனது. நடுவில் ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது யாரோ போன் செய்து, "சாப், ஃப்ரிட்ஜ் கா ஓடிபி" என்றான். கோடவுனில் வைப்பதற்குக்கூட ஓடிபியா, எவ்வளவு ஒழுங்கான கடை என்று மெச்சிக்கொண்டே கொடுத்தேன். (யாருக்கும் ஓடிபி கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் நான்தான்.)

ஆவணி பிறந்த வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போன் செய்தேன்.

"கோடவுன்ல இடமில்லன்னு எப்பவோ டெலிவரி பண்ணிட்டோமே சார்! ஓடிபிகூட நீங்கதானே கொடுத்தீங்க! அல்வால் அட்ரஸ்ல."

அல்வால், நாங்கள் முன்பு குடியிருந்த வீடு. ஆதாரில் நான் மாற்றாமல் விட்ட விலாசம். வீட்டுக்காரர் ரமாதேவி அம்மா. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நான் தெருவே வேடிக்கை பார்க்கக் கத்திச் சண்டை போட்டுவிட்டு, "நீங்களே வச்சுக்கோங்க, நல்லா இருங்க!" என்று கிளம்பி, அவர் நம்பரையும் பிளாக் செய்திருந்தேன்.

இப்போது என் புது ஃப்ரிட்ஜ் அவர் வீட்டில். அவர் தரமாட்டேன் என்றால்? வாங்கியது நீ, வாங்கிக்கொண்டது நான், போ என்றால்? இல்லாத ஃப்ரிட்ஜுக்கு ஒன்றரை வருடம் தவணை கட்ட வேண்டும். அதைவிட, புளித்த மாவோடு ஆடி முழுக்கப் பொறுத்துக்கொண்ட கோமதிக்கு என்ன பதில் சொல்வது? கடையில் சின்ன வேலை என்று அவளிடம் சொல்லிவிட்டு, சண்டைக்குத் தயாராக அல்வால் போனேன்.

வாசலில் ஒரே செருப்பு. சிராவண வெள்ளி பூஜைக்காகத் தெருப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். வருடக்கணக்கில் தமிழ்க் குடித்தனக்காரர்களோடு பேசிப் பேசி ரமாதேவி அம்மா தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அதில் கூவினார்.

"ரா பாபு, ரா! இவன்தான்! ஃப்ரிட்ஜ் பம்பிச்சான், அனுப்பிச்சான்னு சொன்னேனே, இவன்தான்! போகும்போதே 'நல்லா இருங்க'ன்னு வாழ்த்திட்டுப் போனான். தேங்க்ஸ் சொல்ல எத்தனை போன்! ஒண்ணு கூட எடுக்கல. அவ்வளவு பெரிய மனசு!"

அத்தனை பெண்களும் என்னைக் கைகூப்பாத குறையாகப் பார்த்தார்கள். ஹாலில் என் ஃப்ரிட்ஜ் மஞ்சள் குங்குமத்தோடு, தலையில் பூச்சரத்தோடு நின்றது. அந்தக் கூட்டத்தில், "அம்மா, அது என் ஃப்ரிட்ஜ்" என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார். நான் புளியோதரை சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

கோமதியிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டாள்.

"சரி, ஃப்ரிட்ஜைக் கேக்கப் போனீங்க. அவங்க என்ன கொடுத்தாங்க?"

பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி, இரண்டு வாழைப்பழம், ஊறவைத்த கொண்டைக்கடலை.

"வட்டியில்லாத் தவணை கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். "ஃப்ரிட்ஜும் இல்லாத தவணையை நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. காலையில கிளம்புங்க. பேச்சு முழுக்க நான் பேசுதேன்."

மறுநாள் அவள் சுற்றி வளைக்கவே இல்லை. "அம்மா, ரவிக்கைத் துணி ரொம்ப நல்லா இருக்கு. ஃப்ரிட்ஜ் இவர் அனுப்பல. ஆதார்ல விலாசம் மாத்தாம விட்டுட்டார். நாங்கதான் மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு இருக்கோம்."

ரமாதேவி அம்மா என்னைப் பார்த்தார். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பவே நினைச்சேன் பாபு! பெயிண்ட் காசுக்கு அந்த ஏட்பு ஏட்சினவன், அப்படி அழுதவன் ஃப்ரிட்ஜ் கொடுப்பானான்னு! சேச்சே, தப்பா நினைக்கக் கூடாதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன்!"

இவ்வளவு மலிவாகத் தப்பித்ததற்கு எந்த அவமானத்தையும் தாங்கலாம் என்று தோன்றியது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தன் பழைய ஃப்ரிட்ஜை வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் என்று. எனக்குத் திரும்பவும் பகீரென்றது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எங்களையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். நான் வட்டியில்லாத் திட்டத்தை விளக்க வாயைத் திறந்தேன். "நீ நக்கோ பாபு, சும்மா இரு" என்று கையைக் காட்டிவிட்டு, ரொக்கம் கொடுத்து, தனக்கு அதே மாடலை எனக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினார். விலாசத்தை மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார்.

எங்கள் ஃப்ரிட்ஜ் டிராலி ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு ஜாடி ஆவக்காய் இருந்தது, வைத்தது அவர்தான். ஒரு ரூபாய் வட்டி போகவில்லை, ஃப்ரிட்ஜும் போகவில்லை, ஒரு நல்ல மனுஷி திரும்பக் கிடைத்தார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதை யாரும் ஃப்ரிட்ஜ் என்று சொல்வதில்லை. "ரமாதேவியில தயிர் இருக்கா பாருங்க." "ரமாதேவியை இன்னும் துடைக்கலையா?" அவ்வளவு சகஜமாகிவிட்டது.

போன மாதம் ரமாதேவி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஹாலில் உட்கார்ந்து காபியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம், சமையலறையிலிருந்து என் மகள் கத்தினாள். (தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். அன்றைக்கென்று சுத்தமான தமிழ்.)

"அம்மா, ரமாதேவி கதவு மூடவே மாட்டேங்குது! ஒரு உதை விடட்டுமா?"

நான் ரவிக்கைத் துணி எடுத்து வந்த அன்றைக்குக்கூட இப்படி உறைந்துபோகவில்லை. ரமாதேவி அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தையும் கோமதி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மெல்லகா உதைம்மா! தவணை இன்னும் முடியல கதா!"