விருமாயியின் கடைவாய்ப் பல்லும் குறையே இல்லாத மருந்தும்

ஒரு காட்டில் ஒரு கரடிக்குப் பல்வலி. பெயர் விருமாயி. கண்ட தேனையெல்லாம் நக்கித் தீர்த்தால் பல்வலி வராமல் என்ன செய்யும் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள். அப்போது அவள் பிள்ளைத்தாச்சி, ஓங்கி அறைந்துவிடுவாள்.

அங்கே பல் வைத்தியர் மரங்கொத்தி. பிறவியிலேயே துளைபோடத் தெரிந்தவர் என்பதால் அவர் எங்கே படித்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விருமாயியின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து வேர்வரை சுரண்டி எடுத்துவிட்டார். உள்ளே மிச்சமிருக்கும் கிருமிகளை மருந்து விட்டுக் கழுவிப் பல்லை அடைக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வேலை நின்றது.

"கமிட்டி சொல்லாம மருந்து விடக்கூடாதும்மா. அது மரபணுவைக் கெடுத்துட்டா வயித்துல இருக்கிற குட்டிக்கு ஆகாது பாருங்க."

குட்டி என்றதும் விருமாயி கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். மூடிய வேகத்தில் பல் சுரீரென்றது, மறுபடி திறந்தாள். போன தடவை அவளுக்குக் குட்டி தங்கவில்லை. இந்தத் தடவையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பாள்.

கமிட்டித் தலைவர் எறும்புத்தின்னி. அவர் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பல் விஷயத்தில் இவரைவிட நடுநிலையானவர் கிடைப்பாரா என்று காடே கூடித் தேர்ந்தெடுத்திருந்தது. சோதனை செய்யும் வேலை முள்ளம்பன்றிக்கு.

சோதனை பெரிய வித்தை இல்லை. வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். வேர் நுனியில் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். அதில் மருந்தை ஊற்றி, எத்தனை செல்லில் மரபணு உடைந்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். முள்ளம்பன்றி ஒரு வெங்காயத்துக்கு வேப்பிலைக் கஷாயம், ஒன்றுக்கு மரநாய் காய்ச்சிய புது மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர் விட்டிருந்தார்.

"கஷாயம் என்னய்யா ஆச்சு?" என்றார் தலைவர்.

"நூத்துக்கு ரெண்டு உடைஞ்சிருக்குங்கய்யா."

"ரெண்டா! தடை பண்ணு."

"வெறும் தண்ணியிலயும் அதே ரெண்டு இருக்குங்கய்யா. அது தானாவே..."

"அப்போ தண்ணியையும் தடை பண்ணு."

சொன்ன கையோடு ஓடையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள்.

"மரநாய் மருந்து?"

முள்ளம்பன்றி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "உடைஞ்சது ஒண்ணும் இல்லீங்க. ஆனா எண்ணுறதுக்கு உசுரோட ஒரு செல்லும் இல்லீங்கய்யா. வெங்காயமே கூழாயிருச்சு."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மரபணு உடைஞ்சிருக்கா, இல்லையா?"

"இல்லீங்க."

"முடிஞ்சுது போ!" தலைவர் சான்றிதழை எழுதி, மருந்துப் புட்டியோடு, பக்கத்தில் வாயைப் பிளந்து காத்திருந்த விருமாயியிடம் நீட்டினார். "நல்ல மருந்தும்மா. ஒரு குறை சொல்ல முடியாது."

விருமாயியின் கன்னம் அதற்குள் பலாப்பழமாக வீங்கியிருந்தது. அவள் சான்றிதழைப் பார்க்கவில்லை. கூழாய்க் கிடந்த வெங்காயத்தைத்தான் பார்த்தாள். வயிற்றில் ஏதோ உதைத்தது. பயமெல்லாம் போய், வந்ததே கோபம்!

"நீங்க ஒரு சொட்டு குடிச்சுக் காட்டுங்கய்யா."

"அது பல் இருக்கிறவங்களுக்கு. எனக்கெதுக்கும்மா?"

தலைவருக்குப் பின்னால் ஒரு பெரிய கரையான் புற்று. அவருடைய மத்தியானச் சாப்பாடு. விருமாயி எட்டி, புட்டியை அப்படியே புற்றின் வாயில் கவிழ்த்தாள். சொர்ரென்று நுரை பொங்கியது. நுரை அடங்கியபோது உள்ளே ஒரு கரையானும் நகரவில்லை.

"ஐயையோ, என் சோறு!" என்று தலைவர் உருண்டு புரண்டு அழுதார்.

"அழாதீங்கய்யா," என்றாள் விருமாயி. "ஒண்ணுக்காவது மரபணு உடைஞ்சிருக்கான்னு எண்ணிப் பாருங்க."

நேராகப் போய் வேலியை மிதித்துத் தள்ளி, தடை செய்த ஓடைத் தண்ணீரில் தடை செய்த வேப்பிலையைப் போட்டுக் காய்ச்சினாள். மரங்கொத்தி நாலு பக்கமும் பார்த்துவிட்டு அதிலேயே பல்லைக் கழுவி அடைத்தார். இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டுக்கும் மூக்கு கொஞ்சம் கோணல். விருமாயிக்கும் அப்படித்தான் என்பதால் அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

தலைவருக்கும் புத்தி வந்தது. மறுநாளே விதியைத் திருத்தினார்: 'கமிட்டித் தலைவர் சாப்பிடும் இடத்துக்கு அருகில் மரநாய் மருந்தைத் திறக்கக் கூடாது. மற்ற எல்லா வாய்களுக்கும் முற்றிலும் பாதுகாப்பானது.'

நீதி: குறையே இல்லாதவர் என்று பெயர் வாங்க விரும்புகிறவர்கள் முதலில் செத்துப்போகவும். உயிரோடு இருப்பவர்களிடம் நூற்றுக்கு இரண்டு குறையாவது தேறிவிடும்.