எட்டுக் கால் எண்ணுபவர்

சிலந்திகளில் எத்தனையோ இனங்கள். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடும் மனிதரும் ஒரு தனி இனம். அவரைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம்; அவரே கழுத்தில் மாட்டியிருப்பார்.

துக்கம் விசாரிக்கப் போன வீடாக இருக்கட்டும், பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருக்கும் இடமாக இருக்கட்டும், சுவரில் ஏதோ அசைந்துவிட்டால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, "முன்னாடி ரெண்டு கண்ணு பெருசா இருக்கு பாருங்க! வலை பின்னாது, திரும்பி நம்மளையே பாக்கும். தாவும் சிலந்தி!" என்று அறிவித்துவிட்டுத்தான் இறங்குவார். யார் கேட்டார்கள்? ஒருவரும் இல்லை. அதனாலென்ன?

எனக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் நன்கு வளர்ந்த ஆண். அன்று அவர் மனைவி ஈரத்துணியோடு சமையலறையில் பறந்துகொண்டிருந்தார். தங்கை வரும் நாள். போன தடவை, "என்னக்கா, இவ்வளவு எறும்பு!" என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போனவள். இந்தத் தடவை அலமாரியில் ஒரு எறும்புகூட இருக்கக் கூடாது.

நம்மவர் இரு கைகளையும் விரித்து மறித்தார்.

"தொடாதே! எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி. முன்னங்காலை மீசையாட்டம் தூக்கி ஆட்டுது பாரு. எண்ணு, எட்டுக் கால்!"

"மீசையையும் சேத்து எண்ணினா எந்த எறும்புக்கும் எட்டுதாங்க. ஆமா, சிலந்தி எப்பலேர்ந்து சர்க்கரை டப்பாவுக்கு வருது?"

இந்த இனம் பதில் சொல்லாது, நிரூபிக்கும். "உதறினா நூல் விட்டுத் தொங்கும், பாரு" என்று ஒன்றை விரலில் ஏற்றி உதறினார். அது தொங்கவில்லை. கடித்தது.

அந்த அலறலில்தான் தங்கை உள்ளே நுழைந்தாள். வீங்கிய விரல் அத்தானின் வாயில். அலமாரியில் எறும்பு வரிசை. அவள் மூக்கு சுளிக்கத் தொடங்கியது.

மனைவி நிதானமாகத் துணியைப் பிழிந்தார். "எறும்பு இல்லடி. எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. அபூர்வமாம். உங்க அத்தான்தான் கண்டுபிடிச்சாரு."

"நெஜமாவா அத்தான்?"

பாவம், கடித்தது வெறும் எறும்புதான் என்று உண்மையைச் சொல்ல அவருக்கு ஆசை. வாயிலிருந்து விரலை எடுத்தார். "ஆமாம்மா. எட்டுக் கால்."

தங்கை வாயைப் பிளந்தாள். அந்த வீட்டில் மானம் பிழைத்தது, எறும்பும் பிழைத்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது, 'இடுப்பு ஒடுங்கியிருந்ததா என்று பார்த்திருக்கலாமே, அதுவல்லவா முக்கிய அடையாளம்' என்று ஒரு கணம் தோன்றியதா? எங்கே, உங்கள் விரலைக் கொஞ்சம் காட்டுங்கள்.