எட்டுப் பேருக்கு விற்கப்பட்ட மாமனார்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீங்களும் என் மகளும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டபடியால், அதை மறுபடி விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. அந்தப் பேச்சின் கடைசியில் நீங்கள் ஒரு யோசனை கேட்டீர்கள். வீடு தேடுகிறவர்களின் போன் நம்பரை இணையத்தில் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று சந்தா கேட்கிறது, உங்களைப் போன்ற வீட்டு புரோக்கர்கள் அதற்குப் பணம் கட்டலாமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. போனில் சொன்னால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், கட்டாதீர்கள். விரிவு கீழே.

போன மாதம் ஒரு பிற்பகல், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில், போனில் விற்பனைக்கு ஒரு வீட்டின் படம் வந்தது. அதன் சமையலறைச் சுவரில் ஒரு பச்சை டைல்ஸ். உங்கள் அத்தை இருந்தபோது பத்து வருஷம் கேட்டு, நான் பத்து வருஷம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே பச்சை. பெரிதாகப் பார்க்கலாமே என்று தொட்டேன். நம்பர் கேட்டது, கொடுத்தேன். எப்போது வாங்க உத்தேசம் என்று கேட்டது. உடனே, மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் என்று மூன்றே பதில்கள். ‘வாங்க உத்தேசமில்லை, டைல்ஸ் பார்க்க வந்தேன்’ என்பதற்கு இடமே வைக்கவில்லை. மேலே இருந்ததைத் தொட்டேன். படம் பெரிதாகவில்லை, போன் அடித்தது.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு புரோக்கர்கள். எட்டுப் பேரும் என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்தார்கள். ஒருவர் எதற்கெடுத்தாலும் ‘கண்டிப்பா சார்’ என்பார். அவருக்குக் கண்டிப்பா என்றே பெயர் வைத்துவிட்டேன். இன்னொருவர் பேசும்போது பின்னால் எப்போதும் ஒரு கதவு கிறீச்சிடும். வீடு விற்கிறவர் முதலில் அதற்கு எண்ணெய் போடக்கூடாதோ. “என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?” என்று கண்டிப்பாவிடம் கேட்டேன். “நீங்க என்னோட லீட் சார். காசு குடுத்துதான் வாங்கியிருக்கேன்” என்றார். வீடு தேடுகிறவரின் நம்பருக்கு அந்தத் தொழிலில் லீட் என்று பெயராம். “மத்த ஏழு பேரு?” என்றேன். “அவங்களும் வாங்கியிருப்பாங்க சார்” என்றார். மாப்பிள்ளை, எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுக்கு முத்திரை போட்டவன் நான். எத்தனையோ வியாபாரிகள் முயன்றும் என்னை யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எட்டுப் பேர் வாங்கியிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். ஒரே சரக்கை எட்டுப் பேருக்கு விற்ற கடையை நான் வேலையில் இருந்தபோது பார்த்திருந்தால் அன்றே பூட்டியிருப்பேன்.

காசு கொடுத்திருக்கிறார்களே என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று, இரண்டு பஸ் மாறிப் போனேன். கையோடு அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டேன். அங்கே வாசலில் கண்டிப்பா நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் கிறீச் கதவுக்காரரும் நிற்கிறார், இருவரும் என்னைப் பார்த்து ஒரே நேரத்தில் கும்பிடுகிறார்கள். “இவர் என் லீட்” என்றார் ஒருவர். “நான் திங்கக்கிழமையே பேசிட்டேன்” என்றார் மற்றவர். என் முழங்காலுக்கு உட்கார இடம் தேடி நான் உள்ளே போய்விட்டேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க மூணாவது புரோக்கரா?” என்றார். இல்லை என்று சொல்வதற்குள், “வெளியில நிக்கிற ரெண்டு பேரும் சரியில்ல. நீங்களே முடிச்சுக் குடுங்க, கமிஷனைப் பேசிக்கலாம்” என்றார். ஆயிரத்து இருநூறு சதுர அடி என்று சொன்ன வீட்டை அவர் முன்னாலேயே அளந்தேன். ஒரு கட்டில் போடும் அளவுக்குக் குறைந்தது. அதன் பிறகு மூன்று பேருமே என்னோடு பேசவில்லை, எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எட்டாவது புரோக்கர் ஒரு அம்மாள், நல்ல குரல். எத்தனை படுக்கையறை, எந்தத் தளம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, “வீட்டுல எத்தனை பேர் சார்?” என்றார். “ரெண்டு பேர்” என்றேன். எழுதிக்கொண்டார். போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உங்கள் அத்தை போய் ஏழு மாதம் ஆகிறது, என் வாய்க்கு இன்னும் தகவல் போகவில்லை. கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், அழவும் அழுதேன், இதை மகளிடம் சொல்ல வேண்டாம். ஆவணத்தில் தப்பு இருக்கக்கூடாது என்பது என் பழக்கம் என்பதால் திரும்ப அழைத்து, ஒருவர்தான், அவரும் வீடு வாங்குவதாக இல்லை என்று திருத்தம் சொன்னேன். அந்த அம்மாள் போனைச் சரியாக மூடாமல் பக்கத்தில் யாரிடமோ, “இது செத்துப்போச்சு, அடுத்த நம்பர் குடு” என்றார். லீட்டில் சூடு, ஆறினது, செத்தது என்று மூன்று வகை உண்டாம், கண்டிப்பா பிறகு விளக்கினார். அம்மாளை மறுபடி அழைத்து, “செத்தது நான் இல்லம்மா” என்று பதிவு செய்தேன். அவரும் பாவம், மன்னிப்புக் கேட்டார், பிறகு அரைமணி நேரம் தன் கணவரின் முழங்காலைப் பற்றிப் பேசினார்.

போன் எப்போதும் எங்கேஜ்டாக இருப்பதாக என் மகள் சண்டை. “யார்கூடப்பா பேசறீங்க?” என்கிறாள். “ராங் நம்பர்” என்றேன். “ராங் நம்பர்கூட நாப்பது நிமிஷமா?” என்கிறாள். ஆக, நீங்கள் காசு கட்டினால் கிடைக்கப்போவது என்னைப் போல ஒரு கிழவர்தான்; பேசுவார், அளப்பார், வாங்கமாட்டார். உங்களிடம் வீடு வாங்கியவர் தன் தம்பிக்குச் சொல்லுவார், தம்பி வருவார், அது போதும். இன்னொன்று: உங்கள் மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்திருப்பதாக மகள் சொல்கிறாள். இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் வருவதாக இல்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். ஐந்தாவது தடவை நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள், எடை குறையாமல்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு போன் வந்ததால் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. பேசிய பெண்மணி உங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். “நேத்துதான் சார் இந்த சர்வீஸ்ல சேர்ந்தோம். நீங்கதான் எங்க முதல் லீட்” என்றார். ஆக, என் யோசனைக்கு நீங்கள் காத்திருக்கவில்லை. நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. மேலே எழுதும்போது ஒன்றை நானும் விட்டுவிட்டேன்: நான் தொட்ட அந்தப் படத்து வீடு உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. படம் தானாக வரவில்லை, உங்கள் ஏரியாவைப் போட்டு நான்தான் தேடினேன். எப்போ வேணும் சார் என்று கேட்டார், இந்த மாசத்துக்குள்ள என்று சொல்லிவிட்டேன். இங்கே என்னால் தனியாக இருக்க முடியவில்லை, மாப்பிள்ளை. உங்கள் மாடி அறைக்கும் வரமாட்டேன். வந்தால் மூன்றாம் நாளே உங்கள் வீட்டுப் பால் பாக்கெட்டை அளந்து பார்த்து வம்பு வளர்ப்பேன். தரைத்தளமாக, நடந்து வரும் தூரத்தில் எனக்கென்று ஒன்று இருந்தால் போதும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலக உரிமையாளரே, அதாவது நீங்களே, நேரில் வந்து வீடு காட்டுவார் என்று அந்தப் பெண்மணி வாக்குக் கொடுத்திருக்கிறார். வரும்போது என் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எதற்கு என்று வழியிலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள். நாலு தடவை வரமாட்டேன் என்று சொன்ன வாயால் என்னால் சொல்ல முடியாது.