யாரும் எழுதாத நாலாம் பாகம்

திங்கள்கிழமை காலை, அர்ஜுனனின் 'சுழல்ராயன்' நாலாம் பாகத்துக்கு இணையத்தில் பாராட்டு குவிந்து கிடந்தது. நாலாம் பாகத்தில் அவன் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ், மொத்தம் ஆறு பாகம். வெளிவந்த மூன்றும் எடுபடவில்லை. மூன்றாவது முடிந்த பிறகும் ஹீரோ முகமூடிக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தான். இத்தோடு நிறுத்திவிடலாம், அர்ஜுனனும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று எடிட்டர் ஸ்னேஹா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவன் மனைவி சிந்துவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

இந்த நிலையில் பெயர் தெரியாத ஒரு புண்ணியவான், "முதல் மூணையும் பல்லக் கடிச்சிட்டுத் தாண்டிருங்க. நாலாவதுல அழுதுட்டேன்" என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான். படிக்காதவன் என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்? ஆளாளுக்கு அழுதார்கள்.

ஸ்னேஹா கூப்பிட்டாள். "ஊரே படிச்சிருக்கு அர்ஜுன், எனக்கு மட்டும் ஏன் அனுப்பல?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஃபைனல் டச்ல இருக்கு மேடம்" என்றான். வேலை தப்பியது, தூக்கம் போனது.

எங்கே அழுதார்கள் என்று தெரிந்தால் அதையே எழுதிவிடலாம் என்று வேறு பெயரில் போய்க் கேட்டான். அம்மா சாகும் இடம் என்றார் ஒருவர். ஹீரோ ஆனேக்கல் பஸ்ஸில் சீட்டு கிடைக்காமல் நிற்கும் இடம் என்றார் இன்னொருவர். அர்ஜுனன் அம்மாவை ஆனேக்கல் பஸ்ஸில் சாகடித்தான்.

எழுதியதைப் பார்த்துவிட்டுப் படம் வரையும் ரோஹன் ஃபோன் செய்தான். "குரு, அம்மா ரெண்டாம் பாகத்துலயே செத்துட்டாங்களே?"

மானம் போனாலும் போகட்டும் என்று சொந்தப் பெயரிலேயே போய், நாலாம் பாகம் இன்னும் வரவே இல்லை என்று எழுதினான். வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். இவன் எழுத்தாளர் பெயரில் திரியும் போலி, நாலாவதை எழுதிய கை இப்படியா எழுதும் என்று கேட்டார்கள்.

அர்ஜுனனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நீலசந்திரா பகுதியிலிருந்த தன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அந்த அழுகையோடே எழுதினான். சுழல்ராயனுக்குப் பறக்கவே வராது. ஆனால் அவன் பறந்ததைப் பார்த்ததாக ஊரே சத்தியம் செய்கிறது. பாவம், அவன் தினமும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, பயந்து இறங்கி வருகிறான்.

நன்றாக வந்துவிட்டது. அவனே நம்பவில்லை. ஸ்னேஹா படித்துவிட்டு உடனே ரோஹனுக்கு அனுப்பிவைத்தாள். ரோஹன் ஒரு வரிகூட மாற்றச் சொல்லாமல் வரைந்து கொடுத்தான்.

புத்தகம் வெளிவந்தது. முதல் கருத்தும் வந்தது: "பரவால்ல. ஆனா பழைய நாலாம் பாகம் அளவுக்கு இல்ல." சாயங்காலத்துக்குள் ஊரே அதை ஆமோதித்தது. ஐந்தாம் பாகம் வேண்டாம் என்று ஸ்னேஹாவிடமிருந்து மெசேஜ் வந்தது.

அர்ஜுனன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். முதன்முதலில் அழுததாகச் சொன்ன ஆள் மட்டும் கையில் கிடைத்தால், எதற்காக இப்படிச் செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று சிந்துவிடம் புலம்பினான்.

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"ஒரு நல்ல வார்த்தையாவது உங்க கண்ணுல படட்டுமேன்னுதாங்க. மூணாவதத் தாண்டி யாரும் வரமாட்டாங்கன்னு நம்பித்தான் எழுதினேன்."