ஒன்பது நிமிடத்தில் பிழைத்த பவளப்பாறை

உலகத்துக் கடல்களைக் காப்பாற்றும் வல்லமை கடற்படைக்கும் இல்லை, விஞ்ஞானிகளுக்கும் இல்லை. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்குத்தான் உண்டு. இதைக் கண்டுபிடித்த பெருமை துறைமுக விரிவாக்கக் குழுவைச் சேரும். கடலடியைத் தோண்ட அனுமதி கேட்டுக் காத்திருந்த அக்குழு, பொழுது வீணாகாமல் 'பவளம் காப்போம்' என்று ஓர் ஓவியப் போட்டியும் நடத்தியது. தலைவரே நடுவர்.

அந்த வகுப்பின் டிராயிங் மாஸ்டர் நடுவர் மேஜையை ஒட்டியே நின்றார். பதினெட்டு வருட சர்வீஸில் அவருடைய மாணவர் படம் ஒன்றுகூடச் சுவரேறியதில்லை. இன்று இறுதிச் சுற்றில் அவர் வகுப்பிலிருந்து ஒரு படகுக்காரர் மகள்.

தலைவர் படத்தைத் தூக்கிப் பார்த்தார். கடல் நீலம், மீன் மஞ்சள். பாறை மட்டும் வெள்ளை.

"என்னம்மா, கலர் தீர்ந்துபோச்சா?"

"இல்ல சார், பாறையே அப்படித்தான் இருக்கு. அப்பா படகுக்கு அடியில கண்ணாடி. அது வழியா பார்த்தேன். சூடு தாங்காம வெளுத்துப்போச்சு. நீங்க தோண்டாம விட்டா பொழைச்சுக்குமாம்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், குற்றம் அதனுடையது என்பதுபோல.

"மாஸ்டர், படம் பிரமாதம். ஆனா விதி எண் நாலு, 'முழுமையாக வண்ணம் தீட்டப்பட்டிருக்க வேண்டும்.' பத்து நிமிஷம் தரேன். முடிச்சா முதல் பரிசு, எங்க வரவேற்பறையில மாட்டறோம்."

மாஸ்டர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"கண்ணு, கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் ஆரஞ்சு. எத்தனை பேர் பார்ப்பாங்க தெரியுமா?"

"இல்லாததைத்தானே பார்ப்பாங்க சார்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கிரேயானை இப்படிக் குடு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கலையின் நலன் கருதி மாஸ்டரே தீட்டினார். ரோஸ், ஆரஞ்சு, ஊதா. உற்சாகத்தில் சிரிக்கும் ஆமை ஒன்றும் சேர்ந்துகொண்டது. மொத்தம் ஒன்பது நிமிடம். எந்த விஞ்ஞானியும் இந்த வேகத்தில் ஒரு பாறையைப் பிழைக்க வைத்ததில்லை.

படம் சுவரேறியது. மாஸ்டர் பக்கத்தில் நின்று இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுமாதம் அவள், படகுத்துறையில் ஒட்டியிருந்த அரசாணையைப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தாள். மாஸ்டர் வாசித்தார்: 'பாறை மிகச் செழிப்பாக உள்ளது. ஆகவே தோண்டுவதால் பாதிப்பில்லை. ஆதாரம்: நேரில் கண்ட மாணவியின் ஓவியம், இணைப்பு ஒன்று.'

இணைப்பில் ஆமை சிரித்துக்கொண்டிருந்தது.

"கீழ மூலையில என் பேர் அப்படியே இருக்கு சார்" என்று கிரேயானை நீட்டினாள். "விதி எண் நாலு. அது மேலயும் தீட்டி முடிச்சுக் குடுத்துடுங்க."