வால் இல்லாத வெள்ளைக் கவுன் வேண்டி

இயேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

பாசமுள்ள விக்டோரியா அக்காவுக்கும் மரியாதைக்குரிய தேவபிரசாதம் அத்தானுக்கும் தம்பி கிளைட்டன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் விஜிலாவும் உன் ஞானமகள் சுஜிதாவும் சுகம். அங்கே மும்பையில் அத்தானின் முழங்கால் வலியும், உன் சர்க்கரையும், மாடி வீட்டுக்காரரோடு உங்களுக்கு இருக்கும் தண்ணீர்ச் சண்டையும் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம். நாங்கள் சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்துக்காக எழுதியது. இனி உள்ளதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் தம்பி எதற்குக் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறான் என்று நீ யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் உனக்குப் போய்ச் சேரும் முன்பே சுஜிதா படித்துவிடுகிறாள். என் போனைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும். விஜிலாவின் போனை அவள் தன் விரலை வைத்தே திறக்கிறாள். அது எப்படி என்று விஜிலாவுக்கே தெரியாது. துறைமுகத்தில் கண்டெய்னர்களின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். என் வீட்டில் சீல் உடையாத பொருள் இப்போது இந்தக் கவர் ஒன்றுதான். ஒட்டும்போது பசையைக் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறேன், நீ பார்த்துக் கிழி.

விஷயம், சுஜிதா முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறாளே, அந்தப் புது நன்மை உடுப்பு. நம் வீடுகளில் புது நன்மை வாங்கும் பிள்ளைக்கு உடுப்பு எடுத்து வருவது ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத்தாய். அவள் எடுத்து வந்ததைப் பிள்ளை உடுத்தித்தான் ஆகவேண்டும், பெற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, கை சின்னது கழுத்து பெரியது என்று ஒரு சொல் சொன்னால் அது ஞானத்தாயையே சொன்னதாக ஆகி, பிறகு கல்யாணங்களில் எல்லாம் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார வேண்டிவரும். இந்தச் சட்டம் சுஜிதாவுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எங்களிடம் மூச்சு விடாமல் நேரே உனக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். நீயும் அதற்கு மூன்று இதயம் அனுப்பியிருக்கிறாய். அக்கா, நீ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாயா? அந்தக் கவுனுக்குத் தோள் என்ற பகுதியே கிடையாது. மேலே மிச்சம் பிடித்த துணியை எல்லாம் கீழே கொண்டுபோய்க் கொட்டி, அது போதாதென்று பின்னால் ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வர ஆள் வேண்டும். வேம்பாரிலிருந்து விஜிலாவின் அண்ணன்மார் வருகிறார்கள்தான், ஆனால் அவர்களை அந்த வேலைக்குக் கூப்பிட முடியுமா?

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், எந்த ஊரோ தெரியாது, பதினோரு வயதுப் பெண் ஒருத்தி சேனல் வைத்திருக்கிறாள். காலையில் எழுந்து முகம் கழுவுவதுதான் அவள் தொழில். நாம் ஒரு சோப்பில் முடிக்கிற காரியத்தை அவள் வரிசையாகப் புட்டிகளை வைத்துக்கொண்டு முடிக்கிறாள், அதை லட்சக்கணக்கான பிள்ளைகள் பல் விளக்காமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சுஜிதாவும் ஆரம்பித்தாள். போன மாதம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து குசினிக்குள் போனேன். விஜிலா இடியாப்பம் அவித்து வைத்திருந்தாள், தொட்டுக்கொள்ள ஒன்றும் கண்ணில் படவில்லை. பிரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஊற்றிச் சாப்பிட்டேன். பாதியில் விஜிலா வந்து, "ஏங்க, அது சட்னி இல்லங்க, ஒங்க மவ மூஞ்சிக்குப் போடுதது" என்றாள். கடலைமாவு, தயிர், தேன், இன்னும் என்னவோ. உள்ளதைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுஜிதா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று வந்துவிட்டார்கள். அவர்களிடம் நான் முகப்பூச்சைத் தின்றுவிட்டேன் என்பதை விளக்க வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் என் சவர பிளேடை எடுத்துப் புருவத்துக்கு வடிவம் கொடுக்கப் போய் இடது புருவத்தில் பாதியைக் காணவில்லை. இப்போது விஜிலா தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அதை மையால் வரைந்து அனுப்புகிறாள். விஜிலாவுக்கு ஓவியம் அவ்வளவு வராது. சில நாள் பிள்ளை ஆச்சரியப்பட்டது மாதிரியும் சில நாள் யாரையோ சந்தேகப்படுவது மாதிரியும் பள்ளிக்கூடம் போய்வருகிறது. புது நன்மைக்குள் முளைத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருப்பதாக சுஜிதாவே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இவையெல்லாம் வீட்டுக்குள் நடந்தவை. கோயிலில் நடந்ததைக் கேள். பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்வதற்கு, ஒத்திகை வைத்தார்கள். சாமியாருக்குப் பதில் ஞானோபதேச வகுப்பு நடத்தும் பிலோமினா சிஸ்டரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை முழங்காலில் நின்று, என்னை ஆசீர்வதியுங்கள் சாமி என்று தொடங்க வேண்டும். நம்மாள் முழங்காலில் நின்று, தலைமுடியை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, "ஹாய் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்கு நாம பாக்கப்போறது என்னோட அஞ்சு பாவங்கள். அந்த அஞ்சாவதக் கேட்டா நீங்களே ஷாக் ஆயிருவீங்க, அதனால கடைசி வரைக்கும் இருங்க" என்றிருக்கிறாள். சிஸ்டரும் கடைசி வரைக்கும் இருந்திருக்கிறார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "கிளைட்டன், பிள்ளைய கொஞ்சம் கவனிங்க" என்றார்கள். அந்த ஐந்தாவது பாவம் என்னவென்று கேட்டேன். ஒத்திகையாக இருந்தாலும் ரகசியம் ரகசியம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே அவள் கையிலிருந்த விஜிலாவின் போனைப் பிடுங்கினேன். வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று என் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாதில்லையா, அதனால் பெண் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று தேடி மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். நல்ல நல்ல விஷயமாகத்தான் சொல்கிறார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வருகிறது. பெண்ணை வளர்ப்பதில் ஆரம்பித்து, பெண்ணின் அப்பா எப்படி உடுத்த வேண்டும் என்பதற்கு வந்து, அங்கிருந்து தாடியை வளர்ப்பது எப்படி என்பதற்கு வந்திருந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. என்னோடு யார்டில் வேலை பார்க்கும் சுடலைராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "என்ன அண்ணாச்சி, தாடிக்கெல்லாம் எண்ணெய் போடுதீய? புது நன்மை மவளுக்கா ஒங்களுக்கா?" என்கிறான். வந்தவர்கள் முன்னால் பிள்ளையின் அப்பா பார்க்கிறபடி இருக்க வேண்டாமா? சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டும் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

நான் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை என்பது உனக்கே தெரியும். சுஜிதாவுக்கு ஆறு வயதாக இருக்கையில் மாதா திருவிழாவுக்கு அவள் அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டி, உதட்டுச் சாயம் போட்டு, இடுப்பில் கைவைத்து ஆடினாளே, அந்த வீடியோவை எடுத்து ஊருக்குக் காட்டியதே நான்தான். எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். துறைமுகத்தின் மூன்றாம் கேட்டில் காவலுக்கு இருப்பவர் இன்றைக்கும் என்னை டான்ஸ் பாப்பா அப்பா என்றுதான் உள்ளே விடுகிறார், அடையாள அட்டை கேட்பதில்லை. அது வேறு விஷயம். அது பிள்ளைத்தனமான சந்தோஷம், இது அப்படி இல்லை.

அக்கா, ஒன்றை மட்டும் சொல்கிறேன், அத்தானிடம் சொல்லாதே. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைகிறேன், நடுவீட்டில் கண்ணாடி முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். உயரச் செருப்பு, தூக்கிக் கட்டிய கொண்டை, தோளில் விஜிலாவின் வெள்ளைத் துப்பட்டா. விஜிலாவைப் பார்க்க யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பினாள். பார்த்தால் நம் சுஜிதா. "எப்பா, நான் எத்தன வயசு மாதிரி இருக்கேன்?" என்று கேட்டாள். பத்து என்றேன். அவ்வளவுதான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அவளுக்குப் பத்துதானே வயது? அதற்குமேல் நான் என்ன சொல்ல? எனக்கு இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் பிள்ளையாகவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இவ்வளவு அவசரமாக எங்கே போகிறாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் நீதான் காப்பாற்ற வேண்டும். நீ எடுத்து வருவதை அவள் மறுக்க முடியாது. முழங்கை வரை கை, கழுத்தை ஒட்டிய கழுத்து, கணுக்காலோடு நின்றுவிடுகிற பாவாடை, வெள்ளை நிறம், வால் கூடாது. தலைக்கு ஒரு முக்காடு, ஒரு பூமுடி. மினுமினுக்கிற எதுவும் வேண்டாம். கடைக்காரன் பிள்ளைக்கா கல்யாணப் பெண்ணுக்கா என்று சந்தேகமாகக் கேட்கிற மாதிரி எதையும் கையிலேயே எடுக்காதே. அவள் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், ஞானத்தாய் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்வேன்.

படம் எடுக்க நாசரேத்திலிருந்து எபனேசர் என்று ஒரு தம்பியைப் பேசியிருக்கிறேன். ஆடம்பரம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால் மூன்று கேமராவும் ஒரு ட்ரோனும் மட்டும். முந்தின நாளே உப்பளத்துக்குக் கூட்டிப்போய், வெள்ளை உப்புக் குவியலுக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் பிள்ளை மெதுவாக நடந்து வர, எதிரே நான் சாம்பல் கோட்டில் நடந்து போகிற மாதிரி ஒன்று எடுக்க வேண்டுமாம். லாரி போகாத நேரமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நன்மை வாங்குகிற நிமிடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் வைப்பதாகவும் சொல்கிறார். அதுவும் வேறு விஷயம்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல். வரும்போது எதுவும் வாங்கி வரவேண்டாம், உடுப்பு மட்டும் போதும். போகும்போது மக்ரூன் கட்டித் தருகிறோம். பனிமய மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் தம்பி,
கிளைட்டன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் ஞானோபதேசம் முடிந்து சுஜிதா வந்தாள். இன்றைக்கு வெறும் அப்பத்தை வைத்து நன்மை வாங்குகிற ஒத்திகையாம். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா அதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். அதில் சுஜிதா கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வந்ததும் வராததுமாக, "எப்பா, நாக்க நீட்டுததையா ஊரே பாக்கணும்? எனக்கு அந்தக் கவுனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அத்தை என்ன கொண்டாந்தாலும் போட்டுக்கிடுதேன். ஆனா யாரும் படம் எடுக்கக் கூடாது, நீங்களுந்தான்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. விஜிலாவின் போனில் எபனேசரைக் கூப்பிட்டு, வரவேண்டாம் அண்ணா என்று அவளே சொல்லிவிட்டாள். விஜிலா பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

அக்கா, கோட் தைத்தாகிவிட்டது. நாளைக்கு வாங்கப் போகிறேன். ஆகவே மேலே எழுதியதை நீ படித்ததாகவே வைத்துக்கொள்ளாதே. படத்தில் இருந்த அதே கவுனை எடுத்து வா, வாலோடு. நேரில் பார்த்தால் ஒருவேளை மனம் மாறுவாள். கிடைத்தால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சன்னமாக ஒரு கரை இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் பழைய டான்ஸ் வீடியோவையும் எடுத்துவிட வேண்டுமாம். எண்பதாயிரம் பேர் பார்த்தது ஏளா, அப்போது நீ சந்தோஷமாகத்தானே ஆடினாய் என்று கேட்டேன். "அப்ப நான் சின்னப் பிள்ளைலா எப்பா, எங்கிட்ட யாரு கேட்டா?" என்கிறாள். பத்து வயதில் இப்படிப் பேச இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஏதோ வீடியோவில்தான் பார்த்திருக்கிறாள்.