மூன்றாவது கியரில் குடியிருந்த ஆவி

ஊரில் ஓடத் தயங்கிய வண்டிகளெல்லாம் ஒரே வாசலில் வரிசை கட்டி நின்றன. டிக்கியைக் கயிற்றால் கட்டிய கார், ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்த வேன், ஏற்றத்தைக் கண்டாலே இருமுகிற லாரி. நோய்கள் ஆயிரம், வைத்தியர் ஒருவர்தான். அவர் கியர்பெட்டிச் சித்தர்!

சித்தர் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஸ்குரூ டிரைவரைக் கண்டால் முகம் சுளிப்பார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, உள்ளே எந்த ஆவி குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். காசு வாங்கமாட்டார், அவ்வளவு சுத்தமானவர். வண்டியின் ஸ்டெப்னி டயரைக் கழற்றிக் கொடுத்தால் போதும். "வெளிய வந்த ஆவி உட்கார ஒரு ஆசனம் வேணும்ல?" என்பார். இப்படி ஆவிகள் டயர் டயராக உட்கார்ந்ததில், அடுத்த தெருவில் சித்தரின் மைத்துனர் வைத்திருந்த டயர் கடை அமோகமாக ஓடியது.

அந்த வரிசையில் ஒரு மெத்தைக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அவர் மெத்தை தைப்பார். அவள் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குவாள். அவருக்கு வண்டி ஓட்ட வராது. பிக்கப் அவருடைய அண்ணன் விட்டுப்போனது. பஞ்சடிக்கும் இயந்திரத்தில் வலது கைச் சுண்டுவிரலைப் பறிகொடுத்த அந்த அண்ணன், மீதி விரல்களால் வண்டியைத் துடைத்துத் துடைத்தே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அது கிளட்ச் இல்லாத வண்டி, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒரு மழை நாளில் மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்றாவது கியரில் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கைச் சிமிட்டியது.

சித்தர் பானட்டில் கை வைத்தார். "உள்ள இருக்கறது உங்க அண்ணன்."

மெத்தைக்காரர் கை கூப்பினார். "எப்படி சாமி கண்டுபிடிச்சீங்க?"

"அவர் வீட்டுல எத்தனாவது?"

"மூத்தவரு."

"மூத்தவரு, மூணாவது கியரு. ரெண்டுமே 'மூ'வுலதானே ஆரம்பிக்குது?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. இலக்கணம் இவ்வளவு பயன்படும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு ஆவி ஓட்டும் படலம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்தால் ஆவி அந்தக் கண்ணுக்குள் புகுந்துவிடும். பலமாகக் கையும் தட்ட வேண்டும், ஆவிக்குக் கைதட்டல் பிடிக்குமாம். சீடரான ஒரு தடியன் பக்கத்தில் நிற்க, சித்தர் கத்தினார், கூட்டம் தட்டியது. கண்ணைத் திறந்தால் மஞ்சள் விளக்கைக் காணோம்! வண்டி குதிரை மாதிரி ஓடியது. ஸ்டெப்னியோடு, அண்ணன் படுக்க ஒரு மெத்தையும் காணிக்கையாகப் போனது.

அடுத்த மழைக்கு அண்ணன் திரும்பி வந்துவிட்டார். இந்த முறை சித்தர் டபுள் மெத்தை கேட்டார்.

"ஆவிக்கு எதுக்குங்க டபுள் மெத்தை?" என்றாள் மனைவி.

"உசுரோட இருந்தப்ப ஒடுங்கிப் படுத்தாரும்மா. ஆவின்னா விரியும்ல?"

கேள்வி கேட்கிற பெண்பிள்ளையைச் சித்தருக்கு ஆகாது. மூன்றாம் முறை போனபோது ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "பொம்பளை ஸ்டியரிங் பிடிக்கறது அண்ணனுக்குப் பிடிக்கல."

மெத்தைக்காரர் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். வண்டி வாசலில் நின்றது, மெத்தைகள் வீட்டில் நின்றன. தைக்கத் தைக்க அடுக்கு உயர்ந்தது. தூங்கப் போகிறவர்கள் ஏணி வைத்து ஏறினார்கள். மெத்தைக்காரர் விட்டத்துக்குக் கீழே பல்லிகளோடு படுத்திருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கெஞ்சினார்: "நோயாளிங்க வெறும் இரும்புக் கட்டில்ல கிடக்கறாங்கய்யா."

"அண்ணன் இன்னும் சமாதானமாகல" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டிக்குள் போய் உட்கார்ந்து யோசித்தாள். ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தர் ஆவி ஓட்டிய ஒவ்வொரு தடவையும் வண்டிக் கடிகாரம் பன்னிரண்டில் வந்து நின்றது. ரேடியோ எல்லா ஸ்டேஷனையும் மறந்துபோனது. முன்பு பேட்டரி மாற்றியபோதும் இதேதான் நடந்தது.

அடுக்கைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, உங்க அண்ணன் போறதுன்னா போகட்டும். ரேடியோ ஸ்டேஷனை எதுக்கு அழிச்சிட்டுப் போறாரு?"

"அண்ணனையே சந்தேகப்படறியா?"

"அவரை எதுக்குச் சந்தேகப்படறேன்? சித்தர்கூட ஒரு தடியன் நிக்கறானே, அவனோட கையைத்தான். சரி விடுங்க. கடைசியா ஒருதரம் போவோம். அண்ணன்கிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மெத்தைக்காரர் ஏணியில் இறங்கி ஓடிவந்தார். பெண் ஓட்டக்கூடாது என்ற தடையை, சித்தரிடம் போவதற்கு மட்டும் தளர்த்தினார். கிளம்புமுன் அவள், துணியில் கோடு போடும் நீலப் பொடியை எண்ணெயில் குழைத்து, பேட்டரி நட்டின் மேல் கொழகொழவென்று அப்பிவைத்தாள்.

அன்றைக்கும் நல்ல கூட்டம். கண்கள் மூடின, கைகள் தட்டின, சித்தர் அலறிக் கீழே விழுந்தார். கண்ணைத் திறந்ததும் விளக்கு அணைந்திருந்தது. ஆனால் யாரும் விளக்கைப் பார்க்கவில்லை. சித்தரின் சீடர் நீலமாக இருந்தார்! வியர்வையைத் துடைத்த நெற்றி நீலம், சொறிந்த மூக்கு நீலம். சித்தருடைய வெள்ளை அங்கியின் முதுகில், எழுந்திருக்கக் கைகொடுத்த இடத்தில், இரண்டு நீலக் கைகள் பதிந்திருந்தன.

"அண்ணன் நீல ஒளியா இறங்கிட்டாரு!" என்றார் சித்தர். சமாளிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூட்டம் தடாலென்று சீடர் காலில் விழுந்தது.

மெத்தைக்காரர் அந்தக் கைத்தடத்தைத் தொட்டு, "அண்ணா!" என்று விம்மினார்.

"அழுதது போதும். விரலை எண்ணுங்க" என்றாள் மனைவி.

எண்ணினார். இன்னொரு தரமும் எண்ணினார். "சாமி... அண்ணனுக்கு வலது கையில சுண்டுவிரல் கிடையாதே?"

"செத்தப்புறம் முளைக்கும்" என்றார் சித்தர்.

கூட்டம் அதற்கும் தலையாட்டியது. மெத்தைக்காரர் மட்டும் ஆட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கழுத்து ஒரு முடிவு எடுத்திருந்தது.

அவள் பானட்டைத் தூக்கினாள். "இந்த நீலம் நான் தடவினது. நீங்க கண்ணை மூடிக் கை தட்டறப்ப, இந்தத் தடியன் பேட்டரியக் கழட்டி மாட்டறான். இந்த வண்டியில கியரை மாத்தச் சொல்றது ஒரு சின்னக் கம்ப்யூட்டரு. கரண்டை நிறுத்தினா அது பழைய கோளாறை மறந்துடும், விளக்கு அணையும். கோளாறு அப்படியேதான் இருக்கும்!"

"பொய்!" என்றது கூட்டம்.

"பொய்யா? கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே பாருங்க."

இன்ஜினை ஓடவிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஒயர்களின் மேல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் ஊற்றினாள். கியர்பெட்டிக்கு இறங்கும் ஒயர்க் கட்டில் ஊற்றியதும் மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

"பாத்தீங்களா? அண்ணன் ஒரு சொம்புத் தண்ணியில வந்துட்டாரு. இப்ப அவரை நான் ஓட்டறேன்." இன்ஜினை அணைத்து, பேட்டரி நட்டைக் கழற்றிவிட்டு, உரத்த குரலில் ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். முடித்ததும் மாட்டி, சாவியைத் திருப்பினாள். விளக்கு இல்லை. கடிகாரம் பன்னிரண்டு காட்டியது.

மறுபடி இன்ஜினை அணைத்து, அந்த ஒயர்க் கட்டை வெளியே இழுத்தாள். இரும்புத் தகட்டில் உரசி உரசித் தோல் உரிந்து, ஓர் ஒயரில் செம்பு பல்லிளித்தது. துடைத்துக் காயவைத்து, டேப் சுற்றி, தகட்டில் படாமல் தள்ளிக் கட்டினாள். இன்ஜினை ஓடவிட்டு, சொம்பில் மிச்சமிருந்ததை அதே இடத்தில் கவிழ்த்தாள். விளக்கு எரியவில்லை!

சித்தரைத் தேடினார்கள். அன்று காலையில்தான் அவர் குணப்படுத்திய வேனில் ஏறித் தப்பியிருந்தார். வேன் தெருமுனையில் இரண்டு விக்கல் விக்கிவிட்டு நின்றது. கூட்டம் ஓடவேயில்லை, சாவகாசமாக நடந்து போய்ப் பிடித்தது. பாதிப் பேர் ஸ்டெப்னியை மீட்க மைத்துனர் கடைக்குக் கிளம்பினார்கள்.

மெத்தைக்காரர் மடியிலிருந்து சாவியை எடுக்கப் போனார். அது வண்டியில் இருந்தது. வெறும் கையை நீட்டியபடி, "தப்புதான்" என்றார்.

"ஆஸ்பத்திரியில இறக்கற வரைக்கும் மெத்தையை நீங்களே தூக்குங்க. அப்புறம் மன்னிக்கறதப் பத்தி யோசிப்போம்" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ஜன்னலோரம் லாரிக்காரர் வந்து நின்றார். பவ்யமாகக் கை கூப்பினார். "அக்கா, என் லாரிக்கு எந்த வாய்ப்பாடு சொல்லணும்? ஏழா, ஒம்பதா?"

அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. எல்லாக் கையும் கூப்பியிருந்தது.

அவள் ஸ்பேனரை லாரிக்காரரின் கூப்பிய கைகளுக்குள் செருகினாள். "கூப்பின கையால நட்டு கழட்ட முடியாதுண்ணே. கையைப் பிரிச்சு பானட்டைத் திறங்க. அதுக்கப்புறமும் உள்ள ஆவிதான் தெரிஞ்சா, பானட்டை மூடிட்டு உங்க தலையைத் திறந்து பாருங்க. ஒயரு அங்கதான் அறுந்திருக்கும்!"